இலையின் இடது ஓரம்

"ஏளா, உப்பு எங்க?" என்று அப்பா கத்துவார்.

உப்பு இலையிலேயே இருக்கும். பின்கட்டில் நாலு வாழை நின்றதால் எங்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு பெரும்பாலும் இலையில்தான். நுனி இடப்பக்கம் வரும்படி இலையைப் போட்டு, இடது ஓரத்தில் முதலில் உப்பை வைத்துவிட்டுத்தான் அம்மா மற்றதைப் பரிமாறுவார். "அந்தா வச்சிருக்கேன் பாருங்க" என்று அவர் விரலை நீட்டிக் காட்டினாலும் அப்பாவின் கண் அங்கே போகாது. "எங்க இருக்கு? உப்பு வைக்கக்கூட நாதியில்லாமப் போச்சா எனக்கு?" என்று சோற்றைத் தள்ளிவிடுவார். இலையின் வலது பாதி வழித்தெடுத்தது போல் இருக்கும். இடது பாதியில் பொரியலும் கூட்டும் வைத்தது வைத்தபடி கிடக்கும்.

1997 பிப்ரவரி அது. அப்பாவுக்கு இடது கையும் காலும் விழுந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. பொரியல் பிடிக்கவில்லையோ என்று அம்மா தினம் ஒரு காய் மாற்றிப் பார்த்தார். நலம் விசாரிக்க வந்த உறவினர்கள், மூளை கலங்கிவிட்டது என்று வாசலில் நின்று பேசிக்கொண்டார்கள். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அப்பா வேண்டுமென்றே அம்மாவை வதைக்கிறார் என்று நம்பினேன். அப்படி நம்பியதற்காக இன்றும் வருந்துகிறேன்.

அப்பா திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர். பதின்மூன்று வயதில் குடியாத்தம் வந்து, உறவுக்காரர் மளிகைக்கடையில் சம்பளத்துக்கு இருந்து, முப்பது வயதில் சொந்தக் கடை வைத்தவர். ஊருக்கு அவர் அண்ணாச்சி. எங்களைச் சுற்றி எல்லாம் தறி ஓடும் தெருக்கள், பீடி சுற்றும் வீடுகள், தீப்பெட்டி ஒட்டும் திண்ணைகள். வாரக்கூலி கைக்கு வரும் சனிக்கிழமை சாயங்காலம் கடை முன்னால் நிற்க இடம் இருக்காது. கால் கிலோ சர்க்கரை, நூறு கிராம் துவரம்பருப்பு, ஐம்பது கிராம் மிளகு என்று எல்லாம் சின்னச் சின்னப் பொட்டலங்கள். பிளாஸ்டிக் கவர் ஊருக்குள் வந்த பிறகும் அப்பா காகிதத்தை விடவில்லை.

அவர் பொட்டலம் கட்டுவதைப் பார்க்கவே ஆட்கள் நிற்பார்கள். தராசுத் தட்டிலிருந்து சர்க்கரை காகிதத்தின் நடுவில் விழும். இரண்டு கையும் ஒரே நேரத்தில் காகிதத்தின் எதிரெதிர் ஓரங்களைத் தூக்கிச் சேர்த்து இரண்டு மடிப்பு மடிக்கும். ஒரு முனையை உள்ளே தள்ளி, பொட்டலத்தை நிமிர்த்தி ஒரு தட்டுத் தட்டி, மறுமுனையையும் மடித்துச் செருகும். தலைக்கு மேலே தகர டப்பாவில் தொங்கும் நூல்கண்டிலிருந்து வலது கை நூலை இழுக்க, இடது கட்டைவிரல் அதன் நுனியை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். நீளவாக்கில் ஒரு சுற்று, குறுக்கே இரண்டு சுற்று, ஒரு முறுக்கு. பிறகு விரலில் நூலைச் சுற்றி ஒரு வெட்டு இழுப்பு. கத்தரியே கிடையாது. எல்லாம் மூச்சு விடும் நேரத்தில் முடிந்துவிடும். அந்த இடது கை என்னென்ன செய்தது என்று அது செய்தவரை எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

1996 மார்கழியில் ஒரு விடியற்காலை கடையைத் திறக்கப் போனவர், ஷட்டரைத் தூக்க முடியாமல் அதன் அடியிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டார். வயது ஐம்பத்து நாலு. ரத்தக் கொதிப்பு இருந்ததே எங்களுக்கு அன்றுதான் தெரியும். ஊரில் ஒரு மருத்துவமனையில் ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். உயிரைக் காப்பாற்றினார்கள், அதற்கு நன்றி உண்டு. ஆனால் கட்டிலிலிருந்து தூக்கும்போதெல்லாம் செத்த கையைப் பிடித்துத்தான் இழுத்தார்கள். பார்த்து நாங்களும் அப்படியே பழகினோம். தோள் மூட்டு தொய்ந்து, ராத்திரியெல்லாம் வலியில் முனகினார். கிளம்பும்போது சொன்னது ஒன்றே ஒன்று. "இனிமே இவ்வளவுதான். வீட்டுல வச்சு நல்லாப் பார்த்துக்குங்க."

நல்லாத்தான் பார்த்துக்கொண்டோம். அம்மா முகம் கழுவிவிட்டார், தலை சீவிவிட்டார், பாத்திரம் வைத்து எடுத்தார். நான் சவரம் செய்துவிட்டேன், குளிப்பாட்டினேன், சட்டை மாட்டினேன். யாரோ புறா ரத்தம் தடவினால் கை எழும் என்று சொல்ல, அதையும் வாங்கித் தடவினோம். தண்ணீர் டம்ளரை அப்பா எட்டுவதற்குள் யாராவது எடுத்து நீட்டிவிடுவோம். அண்ணாச்சி பிள்ளை அப்பாவைத் தாங்குகிறான் என்று தெருவில் பேச்சு. எனக்கு அது பெருமையாகவும் இருந்தது.

நடக்க வைத்தவர் ஒரு பிசியோதெரபிஸ்ட். வாரம் மூன்று நாள் வீட்டுக்கு வந்து காலை நீட்டி மடக்கி, நிற்க வைத்து, கைத்தடியோடு முற்றம் வரை கொண்டுவந்து சேர்த்தார். உப்புச் சண்டை நடந்த ஒரு நாள் அவரும் அங்கே இருந்தார். அப்பாவின் இலையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தவர், "வேலூர் கூட்டிட்டுப் போங்க. அங்க ஓ.டி.யில காட்டுங்க" என்றார்.

ஓ.டி. என்றதும் அம்மா அழத் தொடங்கிவிட்டார். ஓ.டி. என்றால் ஆபரேஷன் தியேட்டர் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்தது. மண்டையைத் திறக்கப் போகிறார்கள் என்று மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தார். ஆக்குபேஷனல் தெரபி என்று ஒன்று இருப்பதே வேலூர் போய் அந்த அறை வாசலில் நின்றபோதுதான் தெரிந்தது. தமிழில் இதைத் தொழில்வழி சிகிச்சை, செயல்முறை சிகிச்சை என்று ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். தொழில் என்ற சொல்லைக் கேட்டு அப்பாகூட, "எனக்குத்தான் தொழில் தெரியுமே, இவங்க என்ன கத்துக்குடுக்கப் போறாவ?" என்று கேட்டார்.

நான் எதிர்பார்த்த எந்திரம் எதுவும் அந்த அறையில் இல்லை. ஒரு கட்டில், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, அரிவாள்மனை, தண்ணீர்க் குடம், பூட்டு தொங்கும் ஒரு கதவு, பித்தான் வைத்த துணிகள், நாற்காலியில் ஏறி இறங்க ஒரு பலகை. மூலையில் ஒரு பெரியவர் தென்னை ஓலையைப் பின்னிக்கொண்டிருந்தார். ஒரு சிறுவன் சோழிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உண்டியலில் போட்டுக்கொண்டிருந்தான். புழக்கத்தில் இருக்கிற ஒரு வீட்டைப் பிரித்து ஓர் அறைக்குள் வைத்தது போல் இருந்தது.

சிகிச்சையாளர் இளம்பெண். முப்பது வயதுகூட இருக்காது. அப்பாவின் பேச்சைக் கேட்டதும், "நீங்க எந்த ஊரு? நான் நாகர்கோவில்" என்றார். அதன்பிறகு அவர்களுக்குள் அண்ணாச்சி, தாயி என்றாகிவிட்டது. அன்று அவர் அப்பாவின் கையைத் தொடக்கூட இல்லை. ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். காலையில் எத்தனை மணிக்கு எழுவீர்கள், கட்டிலா பாயா, பல் விளக்குவது உட்கார்ந்தா நின்றா, கக்கூஸ் வீட்டுக்குள்ளா வெளியிலா, வாசற்படி எவ்வளவு உயரம், கல்லாப்பெட்டி எந்தக் கைப்பக்கம், மதியம் தூங்குவீர்களா, ராத்திரி கணக்கு யார் எழுதுவது. அப்பா ஒரு நாளின் பொழுது முழுவதையும் அவரிடம் சொல்லி முடித்தார். கடைசியில் ஒரு கேள்வி.

"இதுல எது உங்களுக்குத் திரும்ப வேணும் அண்ணாச்சி?"

ஏழு வாரமாக அப்பாவிடம் எங்கே வலிக்கிறது, பசிக்கிறதா, வெளியே போகணுமா என்று ஆயிரம் முறை கேட்டிருக்கிறோம். இப்படி ஒருவரும் கேட்டதில்லை. அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கடையில உக்காரணும் தாயி. பொட்டலம் கட்டணும்" என்றார். சிகிச்சையாளர் அதை ஒரு தாளில் எழுதி, அடியில் கோடு போட்டு வைத்துக்கொண்டார்.

மறுநாள் அப்பா முன்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். தாள் முழுக்கச் சின்னச் சின்னக் கோடுகள் இறைந்து கிடந்தன. எல்லாக் கோட்டையும் குறுக்கே அடிக்க வேண்டும். அப்பா கவனமாக ஒவ்வொன்றாக அடித்துவிட்டு, "முடிஞ்சுது" என்று பென்சிலை வைத்தார். வலது பாதியில் ஒன்று பாக்கியில்லை. இடது பாதியில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. கடிகாரம் வரையச் சொன்னார். அப்பா வட்டம் போட்டு, பன்னிரண்டு எண்களையும் வலப்பக்கமே நெருக்கி எழுதி வைத்தார்.

அம்மா தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "உப்பு" என்று மட்டும் சொன்னார். தலைப்பை வாயில் வைத்து அடக்கப் பார்த்தும் முடியாமல் அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

அப்பாவின் கண்ணில் குறையில்லை. மூளையின் வலது பக்கம் அடைபட்டதால், இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவருடைய கவனத்துக்கு வராமல் போயிருந்தது. இலையின் இடது பாதி, முகத்தின் இடது கன்னம், அவருடைய இடது கையே கூட. சவரம் செய்யக் கொடுத்தால் வலது கன்னத்தோடு நிறுத்திவிடுவார். வாசற்படியில் இடது தோளை இடித்துக்கொள்வார். பக்கவாதத்தில் இது அபூர்வமும் அல்ல, மூளையின் வலப்பாதி பாதிக்கப்பட்டவர்களிடம் அடிக்கடி வருவதுதான். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"அப்ப உப்பை வலப்பக்கம் வச்சிடறேம்மா" என்றார் அம்மா.

"வேண்டாம்க்கா. இடப்பக்கமே இருக்கட்டும். அவர் தேடிப் போகணும்."

இலைக்கு இடது ஓரமாக மேசையில் ஒரு சிவப்பு நாடாவை ஒட்டச் சொன்னார். சாப்பிட உட்கார்ந்ததும் முதலில் சிவப்பைத் தேட வேண்டும். சிவப்பு கண்ணில் பட்ட பிறகுதான் சோற்றில் கை வைக்க வேண்டும். கட்டிலுக்குப் பக்கத்தில் பேச உட்காருகிறவர்கள் எல்லோரும் அவருடைய இடப்பக்கம் உட்கார வேண்டும். அன்று முதல் எங்கள் வீட்டில் சிவப்பு நாடா ஒட்டாத இடம் இல்லை. கதவு நிலையில், கண்ணாடியில், செருப்பில், அவருடைய இடது மணிக்கட்டில். நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, "உப்பு இருக்கு" என்று அப்பா சொன்னார். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து பார்த்தார்.

எனக்குக் கடினமாக இருந்தது சட்டை.

பித்தான் வைத்த அரைக்கைச் சட்டை போடுவதில் இவ்வளவு இருக்கிறது என்று யார் நினைத்தார்கள்? கட்டில் விளிம்பில் பாதம் தரையில் பதிய உட்கார வேண்டும். சட்டையை மடியில் விரித்து, இடது கையின் துளை இரண்டு முழங்காலுக்கும் நடுவே தொங்கும்படி போட வேண்டும். விழுந்த கையை வலது கையால் எடுத்து அந்தத் துளைக்குள் தொங்கவிட்டு, துணியைத் தோள்வரை ஏற்ற வேண்டும். பிறகு கழுத்துக்குப் பின்னால் வீசி வலது கையை நுழைக்க வேண்டும். பித்தானைக் கீழிருந்து மேலே போட வேண்டும், அப்போதுதான் ஒன்று தவறி ஒன்று மாட்டாது. போடும்போது முடியாத கை முதலில், கழற்றும்போது முடிகிற கை முதலில். இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க கையைப் பின்னால கட்டிக்குங்க."

முதல் நாள் இருபத்தாறு நிமிடம் ஆனது. பாதியில் சட்டை நழுவித் தரையில் விழுந்தது. அப்பாவின் நெற்றியில் வியர்வை. எடுத்துக் கொடுக்க நான் குனிந்தேன். "இருங்க" என்றார். அப்பா கைத்தடியின் வளைவால் சட்டையைக் கொக்கி போட்டு இழுத்து எடுக்கும்வரை மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு அந்தச் சிகிச்சையாளர்மேல் கோபம் பொங்கியது. வெளியே வந்து, "உதவி செய்யறது தப்பாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"தப்பில்ல தம்பி. அவர் கேட்ட பிறகு செய்யுங்க. கேட்ட அளவுக்குச் செய்யுங்க. மூணு நிமிஷத்துல நீங்க மாட்டிவிட்டா சட்டை மாட்டியாச்சு. ஆனா நாளைக்கும் நீங்கதானே மாட்டணும்?"

பேருந்தில் வரும் வழியெல்லாம் அதை யோசித்துக்கொண்டு வந்தேன். நாங்கள் எடுத்து நீட்டிய ஒவ்வொரு டம்ளரிலும் அப்பா கையை நீட்டும் ஒரு வாய்ப்பைப் பறித்திருக்கிறோம். ஏழு வாரத்தில் எத்தனை டம்ளர்! பாசத்தில்தான் செய்தோம். ஆனால் அந்தப் பாசம் அவரைக் கட்டிலோடு கட்டிப்போட்டிருந்தது.

மூன்று வாரத்தில் சட்டை ஆறு நிமிடத்துக்கு வந்தது. சாரத்தை ஒற்றைக் கையால் இறுக்கிக் கட்ட முடியாததால், அம்மா அதன் இடுப்பில் இலாஸ்டிக் வைத்துத் தைத்தார். அப்பா இரண்டு நாள் அதைத் தொடாமல் இருந்துவிட்டுப் பிறகு போட்டுக்கொண்டார். தோள் வலிக்கு மருந்தைவிட உதவியது, கையை ஒருபோதும் பிடித்து இழுக்காமல், உட்காரும்போது தலையணையில் தாங்கி வைத்ததுதான். விரல்கள் உள்நோக்கி மடங்கி இறுகாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் தகட்டைச் சுடுதண்ணீரில் போட்டு இளக வைத்து, அப்பாவின் கையிலேயே வைத்து வளைத்து, ஆறவிட்டு ஓர் உறையைச் சிகிச்சையாளர் செய்து கொடுத்தார். ராத்திரியில் அப்பா அதைக் கட்டிக்கொண்டு தூங்குவார்.

சிகிச்சை நடக்கும்போது அவர் அப்பாவிடம் கதை சொல்வார். இந்தத் துறையைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜார்ஜ் எட்வர்ட் பார்ட்டன் ஒரு கட்டடக் கலைஞர் என்றும், காசநோயும் கால் அறுவையும் போதாதென்று அவருக்கும் இடப்பக்கம் முடங்கிப்போனது என்றும் சொன்னார். தோட்டத்தில் கொத்தியும் மரவேலை செய்தும் தன்னைத் தானே மீட்டுக்கொண்டவர் அவர். 1917 மார்ச்சில் நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில், அவர் வீட்டில்தான் இதற்கான முதல் சங்கம் கூடியது. இந்தியாவில் இதைக் கற்றுக்கொடுக்க முதல் பள்ளியை 1950இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் தொடங்கியவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் பிறந்து, இந்தியரை மணந்து இங்கேயே வாழ்ந்தவர். "இடது கை விழுந்தவரா?" என்று பார்ட்டனைப் பற்றி மட்டும் அப்பா இன்னொரு முறை கேட்டார்.

வேலூருக்கே இதில் ஒரு கதை உண்டு. டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அந்தத் துறையை நடத்தினார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் அவர் முயற்சியில் எழுந்தது. தொழுநோயில் உணர்ச்சி போன கை, கொதிக்கும் டம்ளரைப் பிடித்து வெந்தாலும் சுடுவது தெரியாது. அந்த டம்ளருக்கு மரப்பிடி போட்டுக் கொடுப்பதும், மரத்துப்போன விரலுக்குப் பதிலாகக் கண்ணைக் காவல் வைக்கப் பழக்குவதும் இந்தத் துறை செய்கிற வேலைதான் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை எங்கள் சிகிச்சையாளர் ஒரு மாணவியோடு பஸ் ஏறிக் குடியாத்தம் வந்தார். கையில் அளவு நாடா. வீட்டையும் கடையையும் அங்குலம் அங்குலமாக அளந்தார். கக்கூஸ் சுவரில் வலது கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு கம்பி, கடை வாசற்படிக்குப் பாதி உயரத்தில் இன்னொரு படி, கல்லாவுக்குப் பின்னால் முதுகு சாய்கிற கைவைத்த நாற்காலி. இடப்பக்க அலமாரியின் விளிம்பு முழுக்கச் சிவப்பு வண்ணம். உளுந்து தீர்ந்துவிட்டது, யாரோ திருடுகிறார்கள் என்று அப்பா கடைக்கு வந்த முதல் நாளே என்னிடம் சண்டை போட்டிருந்தார். உளுந்து இடது அலமாரியில் இருந்தது.

பிறகு என்னைப் பத்துப் பொட்டலம் கட்டச் சொன்னார். நான் கட்டக் கட்ட அந்த மாணவி ஒவ்வொரு அசைவையும் எழுதினாள். காகிதம் எடுப்பதிலிருந்து நூலை அறுப்பதுவரை பதினாலு அசைவு. அதில் ஐந்துக்கு மட்டும்தான் இரண்டு கை கட்டாயம் வேண்டும் என்று கணக்குச் சொன்னார். அந்த ஐந்துக்கு வழி கண்டுபிடித்தால் போதும். தெருமுனை ஆசாரியிடம் சொல்லி ஒரு மரத்தட்டு செய்ய வைத்தார். மூன்று பக்கம் விளிம்பு, ஒரு பக்கம் திறப்பு. தட்டு நகராமல் இருக்க அடியில் பழைய சைக்கிள் டியூப். நூல் நுனியைப் பிடிக்கும் கட்டைவிரலுக்குப் பதில் விளிம்பில் ஓர் ஆணி. அறுப்பதற்கு ரம்பத் துண்டு ஒன்றைப் பதித்தார்கள். "ஆனா இடது கை சும்மா வேடிக்கை பார்க்கக் கூடாது அண்ணாச்சி. காகிதம் பறக்காம அமுக்கிப் பிடிக்கிறது அதோட வேலை" என்று, மடங்கிய அந்த முஷ்டியை எடுத்துக் காகிதத்தின் மேல் வைத்தார்.

எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை. அடுத்த வாரமே, சாயங்காலக் கூட்டத்தில் அப்பா ஒரு கால் கிலோ சர்க்கரையைக் கட்ட முயன்று, அது காகிதத்தின் ஓட்டை வழியே ஓடி மேசையெல்லாம் சிந்தியது. "விடுங்க அண்ணாச்சி, தம்பி கட்டட்டும்" என்றார் ஒரு வாடிக்கையாளர். அன்பாகத்தான் சொன்னார். அப்பா எழுந்து உள்ளே போய்ப் படுத்தவர் மூன்று நாள் கடைப்பக்கம் வரவில்லை. செத்திருக்கலாம் என்றார்.

வேலூரில் இதைச் சொன்னபோது சிகிச்சையாளர் அப்பாவைத் தேற்றவில்லை. "தப்பு என் மேல அண்ணாச்சி" என்றார். "கடை நேரத்துல ஆரம்பிக்கச் சொன்னது தப்பு. சர்க்கரையில ஆரம்பிக்கச் சொன்னதும் தப்பு." மதியம் இரண்டிலிருந்து நாலு வரை கடை மூடியிருக்கும். அந்த நேரத்தில், முதலில் வெறும் காகிதத்தை மடிக்க வேண்டும். பிறகு கொண்டைக்கடலை, அது ஓடாது. அது சரியானால் துவரம்பருப்பு. சர்க்கரை கடைசியில். ஒரு வேலையை எந்தப் படியில் தொடங்கினால் இந்த ஆளுக்கு இன்று கை கூடும் என்று பார்ப்பதுதான் அவர்கள் கற்ற வித்தை என்று நினைக்கிறேன். படியைத் தவறாகக் கணித்தால் ஒப்புக்கொண்டு இறக்கி வைக்கவும் அவருக்குத் தெரிந்திருந்தது.

ஜூன் மாதம் வேலூர் போனபோது, "அடுத்த தடவை எனக்குக் கால் கிலோ உளுந்து கட்டி எடுத்துட்டு வாங்க. காசு தருவேன்" என்றார். அப்பா முதல் நாள் மத்தியானம் நாலு முறை கட்டிப் பிரித்து, ஐந்தாவதை எடுத்துக்கொண்டு போனார். கொஞ்சம் தளர்ந்த பொட்டலம்தான். சிகிச்சையாளர் பணத்தை எண்ணிக் கொடுத்தார். அப்பா வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மார்கழிக்குப் பிறகு அவர் கைக்கு வந்த முதல் வியாபாரக் காசு.

கணக்கில்தான் இடறல் நெடுநாள் இருந்தது. நெசவாளர் ஒருவரின் பாக்கி 340 ரூபாயை அப்பா 40 என்று வாசித்து வாங்கிக்கொண்டார். அந்த மனிதர் மறுநாள் வந்து 300 ரூபாயைக் கல்லாவில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு பேரேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் இடது ஓரம் நெடுகச் சிவப்பு மையால் கோடு. கோட்டில் விரலை வைத்து அங்கிருந்துதான் வாசிக்க வேண்டும். அந்தப் பேரேடுகள் என்னிடம் இருக்கின்றன.

இடது கை கடைசிவரை முழுதாகத் திறக்கவில்லை. சைக்கிள் ஓட்டும் ஆசையை அப்பா விட்டுவிட்டார். 2001இல் ஒருமுறை வழுக்கி விழுந்து மறுபடி ஒரு மாதம் படுத்தார். ஆனால் 2008 வரை தினம் காலையும் மாலையும் கடையில் உட்கார்ந்தார். தன் சட்டையைத் தானே போட்டுக்கொண்டார். 2010இல் இறந்தபோது மரத்தட்டு கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்தது.

பிசியோதெரபி என்றால் இன்று எல்லோருக்கும் தெரிகிறது. ஆக்குபேஷனல் தெரபி என்றால் இப்போதும் ஓ.டி.யா, ஆபரேஷனா என்றுதான் கேட்கிறார்கள். பென்சில் பிடிக்க முடியாத குழந்தை, சத்தத்துக்கும் தொடுகைக்கும் பதறும் ஆட்டிசம் உள்ள குழந்தை, மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டவர், எந்திரத்தில் விரல் போன தொழிலாளி, மனநோயில் பொழுதின் ஒழுங்கையே தொலைத்தவர், அடுப்பை அணைக்க மறக்கும் முதியவர் என்று இத்தனை பேருக்கும் இவர்களிடம் வேலை இருக்கிறது. 2021இல் வந்த தேசியச் சட்டம் இவர்களையும் மருத்துவம் சார்ந்த தொழிலராக அங்கீகரித்துப் பட்டியலிட்டிருக்கிறது. அதே ஆண்டு தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீடு தேடி வருவது நல்ல காரியம். அளவு நாடாவோடு இவர்களும் வீடு தேடி வர வேண்டும். இவர்கள் வேலையே வீட்டில்தான் இருக்கிறது. அரசு இதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் வீட்டில் யாருக்காவது கை கால் விழுந்தால், மருத்துவமனையிலிருந்து கிளம்பும் முன், இங்கே ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இருக்கிறாரா என்று வாய்விட்டுக் கேளுங்கள். இல்லையென்றால் எங்கே இருக்கிறார் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்குக் கேட்கத் தெரியாமல் ஏழு வாரம் போனது.